தலைக்கு மேல் ஓடிய உத்திரம்

எங்கள் வீட்டைத் தாங்குவது சுவர் அல்ல, மரம். இரண்டு ஓரத்திலும் நடுவிலும் வேங்கைத் தூண்கள். அவற்றின் தலையில் வீட்டின் கிழக்குக் கோடியிலிருந்து மேற்குக் கோடிவரை ஒரே நீளமாய் இரண்டு உத்திரங்கள். உத்திரத்தின் மேல் கட்டைகள், கட்டைகளின் மேல் பலகை மச்சு. ஓர் ஆணி கிடையாது. ஒரு மரத்தின் நாக்கை இன்னொரு மரத்தின் துளையில் செருகியிருப்பார்கள், அவ்வளவுதான். சுவரெல்லாம் சும்மா மறைப்புக்கு.

இதெல்லாம் தெரிந்த குடும்பம்தான், அப்பா போன பிறகு வாசலிலிருந்து புறவாசல்வரை கயிறு பிடித்து, சுண்ணாம்புக் கோடு போட்டுப் பாகம் பிரித்தது. கிழக்கு அண்ணனுக்கு, மேற்கு எனக்கு. கிணறு யாருக்கு, முருங்கை யாருக்கு என்று சொந்தக்காரர்கள் தொண்டை வறளப் பேசினார்கள். எல்லோரும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு பயலும் அண்ணாந்து பார்க்கவில்லை. கோட்டின் மேல் ஒற்றைச் செங்கல் சுவர் எழுப்பினோம். காற்று வரட்டும் என்று உத்திரத்துக்கு ஒரு முழம் கீழேயே நிறுத்திவிட்டோம். நடுத்தூண்கள் இரண்டும் அண்ணன் பக்கம் போய்விட்டன.

இந்த வருஷம் ஆடித் தபசுத் திருவிழா முடிந்ததும், அண்ணன் தன் பாதியை இடிக்கப்போவதாகச் சொன்னான். அவன் மகன் அந்த இடத்தில் கடைகள் கட்டப்போகிறானாம். கொத்தனாரைக் கூட்டிவந்து காட்டினேன். நடுத்தூண் போனால் என் பக்கத்து உத்திரம் ஒற்றைக் காலில்தான் நிற்கும், எவ்வளவு முட்டுக் கொடுத்தாலும் நம்ப முடியாது என்றார். தூண்களை மட்டுமாவது விட்டுவை என்று அண்ணனிடம் கெஞ்சினேன்.

"கடைக்கு நடுவுல தூணு நின்னா எவம்ல வாடகைக்கு வருவான்? நான் என் பாதியத்தான இடிக்குதேன்."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு எரிச்சல். சண்டைக்கு வந்திருந்தால் பதிலுக்குக் கத்தியாவது தீர்த்திருப்பேன். மகன் சொன்னால் சொன்னதுதான், அண்ணன் கையில் ஒன்றுமில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

அண்ணன் குடும்பம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒற்றை அறைக்கு வாடகைக்குப் போனது. அவர்கள் பக்கத்துச் சுவர், பலகை எல்லாம் போய், கடைசியாக ரம்பம் உத்திரத்தில் ஏறியது. அன்று காலையிலும் மதினி எங்களுக்கு இட்லி கொடுத்தனுப்பியிருந்தாள். இரும்புக் குழாய்களை முட்டுக் கொடுத்துவிட்டு, மரத்தூள் தலையில் கொட்டக் கொட்ட நின்றிருந்தேன். வேறென்ன செய்ய? வெட்டு விழுந்தது. நாக்குகள் துளையை விட்டு நழுவும் சத்தம் கேட்டது. என் மச்சு ஒரு பக்கமாய்ச் சாய்ந்து தொங்கியது. மனைவி சாமி படங்களை மட்டும் அள்ளிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள்.

அண்ணன் ஓடிவந்து அண்ணாந்து பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது.

"இனி இதுக்குள்ள இருக்காதல. பிள்ளையளக் கூட்டிக்கிட்டு நம்ம வீட்டுக்கு வந்துரு."

சொல்லிவிட்டு, பழக்கத்தில் கிழக்குப் பக்கம் கையைக் காட்டினான். அங்கே வெயில் அடித்துக்கொண்டிருந்தது.