கேக் தட்டில் ஒரு சாக்லேட்

எங்கள் பட்டறையில் பல் செட் செய்கிறோம். பல் டாக்டர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள்; நாங்கள் நாலு பேர் அதற்குப் பல் கட்டிக் கொடுப்போம். வருஷம் பிறந்தால் அதே டாக்டர்கள் பெட்டி பெட்டியாகச் சாக்லேட் அனுப்புவார்கள். தொழில் தடையில்லாமல் நடக்க வேண்டும் என்ற அக்கறைதான், வேறென்ன?

பாலிஷ் போடும் மேஜை, எங்கள் நாலு பேரில் மூத்தவரான அக்காவுடையது. அவருக்குக் கோதுமை ஆகாது. ஆகாது என்றால் ஏதோ லேசான உப்புசம் இல்லை. சீலியாக் என்று ஒரு நோய். ஒரு பொட்டு உள்ளே போனாலும் குடல் புண்ணாகி, இரண்டு மூன்று நாள் ஆளைச் சுருட்டிப் போட்டுவிடும். சாக்லேட்டில் கோதுமை எங்கிருந்து வந்தது என்று நானும் கேட்டிருக்கிறேன். உள்ளே பிஸ்கட் தூள் இருக்கலாம். பார்லியில் செய்த மால்ட் இருக்கலாம். அதுவும் அவருக்கு ஆகாது. இரண்டும் இல்லாவிட்டாலும் அதே மெஷினில் முன்னால் வேஃபர் பிஸ்கட் ஓடியிருக்கலாம். அதனால் பல்லைப் பார்க்கிற பூதக்கண்ணாடி விளக்கின் கீழே சாக்லேட் உறையை வைத்து, அந்தப் பொடி எழுத்தை ஒன்றுவிடாமல் படிப்பார். சந்தேகம் வந்தால் கம்பெனிக்கே போன் போடுவார்.

"அக்கா போஸ்ட்மார்ட்டம் ஆரம்பிச்சிட்டாங்க! ரிப்போர்ட் வர்றதுக்குள்ள பெட்டி காலி" என்று கத்துவது நான்தான். எனக்கு அங்கே வாயாடி என்று பேர். எல்லோரும் சிரிப்பார்கள், அக்காவும்தான். நாளாக ஆக, பெட்டி அவர் மேஜையைத் தாண்டிப் போக ஆரம்பித்தது. ஆகாதவரை எதற்குச் சங்கடப்படுத்த வேண்டும் என்று நினைத்தோம். எங்களுக்கு அவ்வளவு நல்ல மனசு! அவரும் மத்தியானச் சாப்பாட்டைத் தன் மேஜையிலேயே முடித்துக்கொள்வார். வீட்டிலும் தனி ஆள்.

அவருக்கு ஐம்பது வயது முடிந்த அன்று எல்லாவற்றையும் சரிசெய்துவிட முடிவு செய்தேன். கண் வலிக்க வலிக்க ஒரு சாக்லேட்டின் உறையைப் படித்தேன். கம்பெனியில் மூன்று பேரிடம் மாறி மாறிப் பேசி, கோதுமை அதன் பக்கமே வராது என்று உறுதிசெய்துகொண்ட பிறகுதான் வாங்கினேன். பிறகு காகிதத்தை எல்லாம் பிரித்து, எங்களுக்காக வெட்டிய கேக்குக்குப் பக்கத்தில், அதே தட்டில் அழகாக அடுக்கினேன்.

அக்கா தட்டைப் பார்த்தார். "கேக் தூள் பட்டிருக்கும்டி" என்றார் மெதுவாக.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "ஒரு தூசிக்கா இந்தப் பாடு? நாயா அலைஞ்சு வாங்கியிருக்கேன்க்கா!"

"சரி சரி, மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காத" என்று ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். நாங்கள் கைதட்டினோம்.

அடுத்த இரண்டு நாள் அவர் வேலைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வீட்டுக்குப் போனேன். சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து கதவைத் திறந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. வீட்டில் இருந்தது ஒரே நாற்காலி. அதில் அவரை உட்காரவைத்துவிட்டு நான் தரையில் உட்கார்ந்தேன்.

"தெரிஞ்சும் ஏன்க்கா சாப்பிட்டீங்க? என்னை நாலு அறை விட்டிருக்கலாமே."

"இந்தா சாப்பிடுன்னு என்கிட்ட ஒருத்தர் நீட்டி எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா?"

அவர் அழவில்லை. நான்தான் அழுதேன்.

"அடுத்த தடவை பிரிக்காம குடு" என்றார். "டாக்டருங்க பெட்டி வந்தா என் மேஜைக்கும் கொண்டு வா. படிச்சுப் பார்த்துட்டு வேண்டாம்னுதான் சொல்லுவேன். ஆனாலும் கொண்டு வா."