கையெழுத்து வாங்காமல் உள்ளே விட்டவர்

அந்தப் பெரிய அலுவலகத்தின் வாசலில் இருபத்தேழு வருடமாக நிற்கும் காவலருக்குக் 'கையெழுத்து' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு ஒன்று உண்டு. அது அவருடைய அடையாள அட்டைக்கு மட்டும்தான் தெரியும். யார் வந்தாலும் நோட்டைத் திருப்பி முகத்துக்கு நேரே நீட்டுவார். பெயர், எங்கிருந்து வருகிறார், யாரைப் பார்க்க வேண்டும், என்ன வேலை, வந்த நேரம், கையெழுத்து. தண்ணீர் கேன் போடுகிறவர் பதினொரு வருடமாக வருகிறார். அவரும் தோளில் கேனோடு குனிந்து கையெழுத்துப் போட்டால்தான் உள்ளே போகலாம்.

ஒரு மழை நாளில் மேலாளரே அட்டையை மறந்துவிட்டு வந்தார். பத்து நிமிடம் நனையவிட்டார் நம்மவர்.

"உங்க முகம் எனக்குத் தெரியும் சார். ஆனா முகத்துல முத்திரை இல்லையே!"

இந்தக் கதையை அவர் வீட்டில் எத்தனை முறை சொல்லியிருப்பார் என்று கேட்காதீர்கள். ஒவ்வொரு முறையும் மழை கொஞ்சம் வலுத்துக்கொண்டே போகும். கடைசியாகச் சொன்னபோது இடியும் மின்னலும் சேர்ந்திருந்தன.

வீட்டில் அந்தக் கதையைக் கேட்க இருந்தது மனைவி ஒருத்திதான். காலையில் குழந்தைகள் காப்பகத்தில் வேலை. மாலையில் வீடு திரும்பியதும் அவளுக்கு இன்னொரு வேலை இருந்தது. அதற்குச் சம்பளம் கிடையாது. கண் தெரியாதவர்களுக்காகப் பாடப்புத்தகங்களை வாசித்துக் கணினியில் பதிவு செய்து தருவாள். படுக்கையறை மூலையில் கணினி. எதிரொலி வராமலிருக்கத் துணி பீரோவின் இரண்டு கதவையும் திறந்து, தொங்கும் புடவைகளுக்கு முன்னால் மைக்கை வைத்துக்கொள்வாள். சத்தம் வரும் என்று மின்விசிறியை நிறுத்திவிடுவாள். வியர்வை கழுத்தில் வழிய வழிய, ஒரு வெந்நீர் பிளாஸ்க்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசிப்பாள்.

அந்த வருடம் அவள் வாசித்துக்கொண்டிருந்தது தொழிலாளர் சட்டப் புத்தகம். மொத்தம் நாற்பது பாடம். வெளியூரில் ஒரு பெண் காத்திருந்தாள். பிறவியிலேயே பார்வை இல்லாதவள். அரசுத் தேர்வில் ஒருமுறை தோற்று, இரண்டாம் முறையாக எழுதப் போகிறவள். வயது வரம்பின்படி அதுதான் அவளுக்குக் கடைசி வாய்ப்பு. முப்பத்தொரு பாடம் மெமரி கார்டில் ஏறி அவளிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. மீதி ஒன்பது பாடத்தையும் வாசித்து முடித்தாகிவிட்டது. இருமலையும் தடுமாற்றத்தையும் வெட்டிச் சீர்செய்து அனுப்புவதுதான் பாக்கி. தேர்வுக்குப் பதினோரு நாள் இருந்தது.

இப்பேர்ப்பட்ட பொக்கிஷம் இருந்த கணினிக்குக் காவல் யார்? வேறு யார், நம் கையெழுத்துதான்.

அவருடைய காவல் முறையைக் கொஞ்சம் கேளுங்கள். கணினி மாதா மாதம் 'புதுப்பிக்க வேண்டும்' என்று அறிவிக்கும். இவர் 'பிறகு' என்பதை அழுத்துவார்.

"திரும்பத் திரும்பக் கதவைத் தட்டுறவன் யோக்கியனா இருக்க மாட்டான். நான் பார்க்காத ஆளா?"

இரண்டு வருடமாக அந்த யோக்கியன் வாசலிலேயே நின்றான்.

அன்று பகல் ஷிஃப்ட் இரண்டு மணிக்கு முடிந்தது. வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, பழைய பாட்டு ஏதாவது இலவசமாகக் கிடைக்குமா என்று கணினி முன்னால் உட்கார்ந்தார். மனைவி இன்னும் வரவில்லை. பாட்டு வரவில்லை, ஒரு ஜன்னல் திறந்தது. பிறகு இன்னொன்று. மூன்றாவதாகச் சைரன் ஒலியோடு ஒரு நீலக் கேடயம் வந்து நின்றது. 'எச்சரிக்கை! உங்கள் கணினியில் நாற்பத்தேழு அபாயங்கள்! பாதுகாப்பு மையம் உங்களுக்காகக் காத்திருக்கிறது!'

கையெழுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தக் கேடயம் அவர் சட்டைத் தோளில் தைத்திருந்த சின்னத்தைப் போலவே இருந்தது. வந்திருப்பது செக்யூரிட்டி, இவரும் செக்யூரிட்டி. ஒரு சீருடை இன்னொரு சீருடையைச் சந்தேகப்படலாமா? பதிவிறக்கினார்.

'ஏற்கெனவே உள்ள பாதுகாப்பை நிறுத்தவும்' என்றது அது. இதிலென்ன அதிசயம்? புது ஆள் வந்தால் பழைய ஆள் வீட்டுக்குப் போவதுதானே ஷிஃப்ட் முறை! நிறுத்தினார். 'உங்கள் கணினியில் மாற்றங்கள் செய்ய அனுமதிக்கிறீர்களா?' அனுமதித்தார். தண்ணீர் கேன்காரரிடம் பதினொரு வருடமாகக் கேட்கும் ஆறு கேள்வியில் ஒன்றைக்கூட அவர் அந்தக் கேடயத்திடம் கேட்கவில்லை.

அதன்பிறகு அரை மணி நேரம் கணினி உறுமியது. மேசைக்கு அடியில், கோப்புகளின் இன்னொரு காப்பி இருந்த காப்புப் பெட்டியின் பச்சை விளக்கும் விடாமல் மின்னியது. 'புது ஆள் சுறுசுறுப்பா ரவுண்டு போறான்' என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டார் இவர். மெச்சி முடிப்பதற்குள் திரை ரத்தச் சிவப்பானது.

'உங்கள் கோப்புகள் அனைத்தும் பூட்டப்பட்டுவிட்டன. திறக்க வேண்டுமானால் எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் பணம் செலுத்தவும்.' பக்கத்தில் ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடியது.

"யாரைக் கேட்டு உள்ளே வந்தீங்க?" என்று கத்தினார். அந்த அறையில் அதற்குப் பதில் சொல்லக்கூடியவர் ஒருவர்தான் இருந்தார்.

பிறகு அந்த வீரர் என்ன செய்தார் தெரியுமா? ஒரு துண்டை எடுத்துத் திரையைப் போர்த்தினார்.

நாலரை மணிக்கு மனைவி வந்தாள். பீரோவைத் திறந்தாள், விசிறியை நிறுத்தினாள், துண்டை எடுத்தாள். அவள் முகத்தில் அந்தச் சிவப்பு வெளிச்சம் விழுந்தது. கையிலிருந்த பிளாஸ்க்கை மெதுவாகக் கீழே வைத்தாள். அழுதிருந்தால் அவர் தேற்றியிருப்பார். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பார். அவள் கேட்டது இதுதான்:

"என்னங்க, இவன்கிட்ட கையெழுத்து வாங்கினீங்களா?"

இருபத்தேழு வருடத்தில் அவரை யாரும் அப்படி அடித்ததில்லை.

கடைத்தெருவில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவள் அவருடைய சொந்தத் தங்கை. அண்ணி கூப்பிட்டதும் கடையைப் பாதியில் சாத்திவிட்டு, பையும் கையுமாக வந்து நின்றாள். முதல் வேலையாக இணைய ஒயரைப் பிடுங்கினாள். அப்புறம் மேசைக்கு அடியில் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அண்ணே, இது என்ன?"

"காப்புப் பெட்டி. நீதானே வாங்கிக் குடுத்தே? எல்லாத்துக்கும் இன்னொரு காப்பி இருக்கணும்னு சொன்னியே."

"சொன்னேன். காப்பி எடுத்ததும் கழட்டி பீரோவுல வைன்னும் சொன்னேன். சைக்கிள் சங்கிலி போட்டு மேசைக்காலோட கட்டச் சொன்னேனா?"

"எவனாவது தூக்கிட்டுப் போயிட்டா என்ன பண்றது?"

தங்கை தலையில் அடித்துக்கொண்டாள். "அவன் எதுக்குண்ணே மூட்டை தூக்கணும்? உள்ளேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து ரெண்டையும் பூட்டிட்டான். கழட்டி வெச்சிருந்தா அவன் கைக்கு எட்டியிருக்காது. எட்டாமப் போயிடப் போகுதேன்னு நீதான் பக்கத்துல கட்டி வெச்சிருக்கே!"

அண்ணி சிரிக்கவில்லை. ஒன்பது பாடத்தின் தாள்களையும் மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள்.

"சரி விடு. இந்த வைரஸை எடுத்துடலாமில்ல?" என்றார் கையெழுத்து, மிடுக்கு குறையாமல்.

"எல்லாத்துக்கும் வைரஸ்னு ஒரே பேரா? உன் கேட்டுக்கு வர்றவங்களை எல்லாம் நோட்டுல 'ஆளு'ன்னா எழுதுவே?" தங்கை விடுவதாக இல்லை. "நம்ம ஆளு சட்டையில ஒட்டிக்கிட்டு, அவன் நடக்கிற இடத்துக்கெல்லாம் கூடவே போய்ப் பெருகுதே, அதுதான் வைரஸ். யாரோட துணையும் வேணாம், மதில்ல ஓட்டை இருந்தாப் போதும், தானா நுழைஞ்சு வீடு வீடாப் போறது புழு. அந்த ஓட்டையை அடைக்கத்தான் 'புதுப்பிக்கணும்'னு மாசா மாசம் கொத்தனார் வந்தார். நீ அவரைத் துரத்தி விட்டே."

"அது கொத்தனாரா?"

"பின்னே? தூணுக்குப் பின்னாடி நின்னு நீ எந்தச் சாவியைத் தொடுறேன்னு எழுதிக்கிறவன் வேவு பார்க்கிறவன். உன் பாஸ்வேர்டெல்லாம் இந்நேரம் போயிருக்கும், என் போன்ல இருந்து இப்பவே மாத்திடலாம். எங்க, பாஸ்வேர்டு என்ன?"

அவர் முணுமுணுத்தார். அவருடைய அடையாள அட்டை எண். எல்லா இடத்துக்கும் அதே எண்.

"அட்டையைக் கழுத்துல மாட்டிக்கிட்டு ஊரெல்லாம் சுத்துறியே அண்ணே, அந்த எண்ணா?"

அவர் சட்டைப் பித்தானைத் தடவினார்.

"உன் விருந்தாளி எப்படி வந்தான் தெரியுமா? பார்சல் மாதிரி. மேல 'பாதுகாப்பு'ன்னு எழுதி ரிப்பன் கட்டி. அதுக்கு டிரோஜன்னு பேரு. உள்ள இருந்து இறங்கினவன்தான் பூட்டுப் போட்டுட்டுப் பணம் கேட்கிறவன். நிஜமான பாதுகாப்பு என்னிக்காவது சைரன் ஊதிக்கிட்டு, 'ஏற்கெனவே இருக்கிற காவல்காரனை வீட்டுக்கு அனுப்பு'ன்னு சொல்லுமா? உன் கேட்டுல வந்து ஒருத்தன் அப்படிச் சொன்னா என்ன பண்ணுவே?"

"பிடிச்சு உட்கார வெச்சுடுவேன்."

"இங்க நாற்காலி போட்டு உட்கார வெச்சே!"

"பணத்தைக் கட்டிட்டா திறந்துடுவான் இல்ல?"

"திறக்கலேன்னா யார்கிட்ட போய்க் கேட்பே? குடுத்தா, இந்த வீட்டுல ஒரு ஏமாளி இருக்கான்னு குறிச்சு வெச்சுக்குவான். புகார் குடு, அது சரி. பூட்டின கோப்புகளைத் தனியா எடுத்து வெக்கிறேன். சில பூட்டுக்கு எப்பவாவது சாவி வெளியில வரும். இதுக்கு இன்னிக்கு இல்ல." குரலைத் தாழ்த்தினாள். "அண்ணி, அந்த ஒன்பது பாடத்தையும் போயிடுச்சுன்னே வெச்சுக்குங்க."

அண்ணி தாள்களைத் தட்டி அடுக்கினாள். "மிஷினை எப்போ தருவே?"

"நாளைக்கு மத்தியானம். எல்லாத்தையும் துடைச்சுட்டுப் புதுசாப் போடணும்."

"அப்போ பத்து நாள் இருக்கு. திரும்ப வாசிக்கிறேன்" என்றாள். அந்தக் குரலில் கண்ணீரும் இல்லை, கோபமும் இல்லை. அதைக் கேட்ட கணவருக்கு நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. வெடித்திருக்கலாம், அதற்கும் அவருக்குத் துணிவில்லை.

மறுநாள் கணினி சுத்தமாகத் திரும்பியது. புதுப்பித்தல் தானாக நடக்கும்படியும், பழைய காவல் மறுபடி வேலைக்குச் சேரும்படியும் தங்கை செய்திருந்தாள். காப்புக்கு இரண்டு பெட்டி. ஒன்று பீரோவில் புடவைகளுக்கு அடியில், இன்னொன்று தங்கையின் கடையில். காப்பி எடுக்கும்போது மட்டும் செருக வேண்டும். சங்கிலியைச் சைக்கிளுக்கே திருப்பிக் கொடுத்தாள். கடைசியாகக் கணினியில் இரண்டு கணக்குத் திறந்தாள். எதை வேண்டுமானாலும் உள்ளே சேர்க்கும் அதிகாரம் அண்ணிக்கு. அண்ணனுக்கு வெறும் வருகையாளர் கணக்கு.

"என் வீட்டுல நானே வருகையாளரா?"

"கேட்டுல நீ சொல்றதுதான் அண்ணே. முகத்துல முத்திரை இல்லையே!"

மனைவி விடுப்பு எடுத்துக்கொண்டு வாசிக்கத் தொடங்கினாள். பழைய வேகம் வரவில்லை. ஏற்கெனவே ஒருமுறை முழுப் புத்தகத்தையும் வாசித்த தொண்டை அது. ஆறாம் நாள் ஐந்தாவது பாடத்தை முடித்தபோது குரல் நின்றுவிட்டது. வெந்நீர், உப்புநீர், மருத்துவரின் மாத்திரை எதற்கும் அசையவில்லை. நாலைந்து நாள் பேசவே கூடாது என்றார் மருத்துவர். மீதி நாலு பாடம். நாலு நாள்.

அவள் தாள்களை எடுத்துக் கணவரின் மடியில் வைத்தாள்.

"நானா? எனக்கு வாசிக்க வராதே!"

அவள் ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினாள்: 'நோட்டில் எழுதியதை வாசிக்க வருமே.'

புடவைகளுக்கு முன்னால், விசிறி இல்லாமல், அந்தப் பெரிய உடம்பு உட்கார்ந்து வியர்த்தது. அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு குரல்தான். வாசலில் அதட்டும் குரல். 'வேலை நேரம் என்றால் என்ன? யார் நிர்ணயிக்க வேண்டும்? எந்தப் பிரிவின்படி?' ஒவ்வொரு வரியையும் சட்டையைப் பிடித்து நிறுத்தி விசாரித்தார். தவறினால் மனைவி ஸ்பூனால் டம்ளரைத் தட்டுவாள். முதல் நாளில் டம்ளர் ஓயவே இல்லை. ஒவ்வொரு பாடம் முடிந்ததும் பெட்டியைச் செருகிக் காப்பி எடுத்து, கழற்றி, பீரோவில் வைத்துக் கதவைச் சாத்தினாள். அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலாம் நாள் காலையில் கடைசிப் பாடத்தைத் தங்கையே கையோடு எடுத்துக்கொண்டு, பேருந்தில் போய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

தேர்வன்று மாலை போன் வந்தது. மனைவிக்குக் குரல் இன்னும் கம்மலாகத்தான் இருந்தது. ஒலிபெருக்கியில் போட்டாள்.

"அக்கா, எழுதிட்டேன்! எழுதிக் குடுத்தவங்களே அசந்து போயிட்டாங்க, நான் சொல்ற வேகத்துக்கு அவங்க கை ஓடல. கடைசி நாலு பாடத்துல இருந்து மூணு கேள்வி. அதை வாசிச்ச ஐயா யாரு அக்கா?"

"ஏம்மா?"

"கேட்கவே பயமா இருந்துச்சு. ஒவ்வொரு பிரிவுக்கும் என்னையே எழுந்து நிக்கச் சொல்ற மாதிரி! ஆனா ஒரு வார்த்தை மறக்கல அக்கா. அப்படியே காதுல நின்னுச்சு."

அந்தப் பெண் சிரித்தாள். சிரிப்பு அழுகையாக மாறியது. இந்தப் பக்கம் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். கையெழுத்தின் கண்ணும் கலங்கியது. பொய் சொல்லக் கூடாது, நிஜமாகவே கலங்கியது.

"வாசல்ல நிக்கிறவரும்மா" என்றாள் மனைவி.

மறுநாள் அலுவலக வாசலில் கையெழுத்து ஒரு புதுக் கதை சொன்னார். தண்ணீர் கேன்காரர் தோளில் கேனோடு நின்று கேட்டார். சிவப்புத் திரை கதையில் வந்தது. பூட்டுப் போட்டவனும், தங்கையும், மனைவியின் தொண்டையும், பார்வையில்லாத அந்தப் பெண்ணின் கண்ணீரும், நாலு நாள் விசிறியில்லாமல் வியர்த்த ஒரு மனிதரும் வந்தார்கள்.

"அதுசரி சார், அவனை யாரு உள்ளே விட்டது?" என்றார் கேன்காரர்.

கையெழுத்து நோட்டைத் திருப்பி அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"பேசிக்கிட்டே நிக்காதீங்க. பேரை எழுதுங்க."