ஒன்பதாவது லேசர் லைட்

தேவஇரக்கம் சொல்கிற எதையும் நம்பிவிடாதீர்கள். இராஜபாளையத்தில் யாரும் நம்புவதில்லை. பி.எஸ்ஸி. பிசிக்ஸில் மூன்று தடவை ஃபெயிலானதை, 'மூணு வருசம் ஆராய்ச்சியில இருந்தேன்' என்று சொல்லித் திரிகிற மனிதர். ஆனால் இந்த ஒன்றை மட்டும் அவர் தானாக எடுத்துச் சொன்னதில்லை. கேட்டால்தான் சொல்வார். மணி, அடி, மில்லிமீட்டர் எல்லாம் சொல்வார். எத்தனை தடவை கேட்டாலும் ஒரு எண்கூட மாறியதில்லை.

1998, செப்டம்பர் 13. ஞாயிற்றுக்கிழமை. ராத்திரி இல்லை. நல்ல பகல்.

அவருக்கு பேண்டேஜ் கம்பெனியில் துணி செக்கிங் வேலை. தறியிலிருந்து வருகிற, காயம் கட்டுகிற காஸ் துணியைக் கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் சேர்த்துத் தேய்த்துப் பார்ப்பார். பிறகு தூக்கி இடது கண்ணுக்கு நேரே பிடித்து, வெளிச்சத்தைப் பார்த்து நூல் எண்ணுவார். பதினெட்டு வருசப் பழக்கம். கை தானாகச் செய்யும். டவுன் பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் துண்டைத் தேய்த்துப் பார்த்து வசவு வாங்கியிருக்கிறார்.

தங்கை அருள்செல்வி ஸ்ரீவில்லிபுத்தூரில் சயின்ஸ் டீச்சர். அந்த வருசம் தேரோட்டக் கடைகளில் சாவிக்கொத்து மாதிரி லேசர் லைட் வந்திருந்தது. சிவப்பு வெளிச்சம். பள்ளிக்கூடத்தில் ஒரே தொல்லை. ஆகஸ்ட் கடைசியில் ஒருநாள் எட்டுப் பையன்களிடமிருந்து எட்டு லைட்டைப் பிடுங்கி மேசையில் வைத்தாள். சாயங்காலம் எண்ணினாள்.

ஒன்பது இருந்தது.

ஒன்பதாவதை அழுத்திப் பார்த்தாள். மஞ்சள். மஞ்சளில் லேசர் லைட் அப்போது எந்தக் கடையிலும் கிடையாது. அது சுவரில் மாட்டியிருந்த படத்தின் கண்ணாடியில் பட்டுத் திரும்பி, அவள் இடது கண்ணில் விழுந்தது. ஒரு நொடிதான்.

அன்றிலிருந்து அந்தக் கண்ணில் ஒரு மஞ்சள் புள்ளி. கண்ணை மூடினாலும் இருந்தது. போகப்போகப் பெரிதாகிக்கொண்டும் இருந்தது.

மதுரையில் கண் டாக்டர் பார்த்துவிட்டு, உள்ளே காயம் எதுவும் தெரியவில்லை என்றார். "அது என்ன மாதிரி லைட்டுன்னு தெரியணும்மா. நிஜ லேசரா, என்ன நிறம், எவ்வளவு பவர்? தெரியாம மருந்து குடுக்க முடியாது" என்றார். திங்கட்கிழமை திரும்ப வரச் சொல்லியிருந்தார்.

அப்பாவும் அம்மாவும் போனபிறகு அண்ணனும் தங்கையும்தான். பார்வை போனால் அவள் வேலையும் போகும். வேலை போனால் அவள் என்ன ஆவாள் என்று தேவஇரக்கத்துக்கு யோசிக்கவே பிடிக்கவில்லை.

"ஏட்டி, எங்கிட்ட குடு. ஆராய்ச்சியாளன் நான் எதுக்கு இருக்கேன்?"

"அண்ணே, வெளையாடாதீய. நீங்க அதைப் பார்த்துராதீய."

"பார்க்கமாட்டேன். அளக்க மட்டும் செய்யுதேன்."

அளக்கும் வழியை அவளேதான் எப்போதோ சொல்லிக் கொடுத்திருந்தாள். மெல்லிய துணி வழியாக லேசரை அடித்தால், சுவரில் ஒரு புள்ளி விழாது. சிலுவை மாதிரி வரிசையாகப் பல புள்ளி விழும். நூல் எண்ணிக்கை தெரிந்த துணியாக இருந்தால், புள்ளிக்குப் புள்ளி உள்ள இடைவெளியை வைத்து நிறத்தைக் கணக்கிடலாம். இன்னொன்றும் உண்டு. துணி சுவரைவிட்டு விலக விலக, புள்ளிகளும் விலகும். நூல் எண்ணியே வயிறு வளர்க்கிறவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

கம்பெனி குடோன் அறுபது அடி நீளம். ஜன்னல் கிடையாது. ஞாயிறு லீவு. வாட்ச்மேன் ராக்கப்பனிடம் சொல்லிவிட்டு உள்ளே போய் ஷட்டரை இறக்கினார். மணி 3:40.

ஷட்டர் பக்கத்தில் மேசை. லைட் சுவிட்சும் அங்கேதான். முதலில் சாதாரண சிவப்பு லைட்டை மேசையில் வைத்து, பட்டன் அழுந்தியே இருக்கும்படி பிளாஸ்டர் சுற்றினார். முன்னால் ஒரு துண்டு காஸ். டியூப்லைட்டை அணைத்தார்.

எதிர்ச் சுவரில் சிவப்புச் சிலுவை. நடந்துபோய் ஸ்கேல் வைத்து அளந்தார். இடைவெளி ஒன்பது மில்லிமீட்டர். துணியைத் திருப்பினால் சிலுவையும் திரும்பியது. எடுத்தால் ஒற்றைப் புள்ளி. எல்லாம் சரி.

'பாஸாகியிருக்கலாம்ல' என்று தன்னையே கேட்டுக்கொண்டார்.

மணி 4:05. மஞ்சள் லைட்டுக்கு பிளாஸ்டர் சுற்றி, முன்னால் அதே காஸை வைத்தார்.

காற்றில் பஞ்சுத் தூசி மிதந்தது. அதில் கோடு தெரிந்தது. மஞ்சள் கோடு, மேசையிலிருந்து சுவர்வரை. சுவரில் சிலுவை.

துணியைத் திருப்பினார்.

சிலுவை திரும்பவில்லை.

இன்னொரு தடவை திருப்பினார். அப்படியே நின்றது. சரி, கை சரியாகத் திருப்பவில்லை போல என்று துணியையே எடுத்துவிட்டார்.

சிலுவை அப்படியே இருந்தது.

மேசைக்கும் சுவருக்கும் நடுவில் துணி எதுவும் இல்லை. வெறும் சிமெண்ட் தரை. இருந்தாலும் பழக்கம் விடவில்லை. கோட்டுக்குக் குறுக்கே வராமல் ஓரமாக நடந்துபோய், ஸ்கேலை வைத்தார்.

மணி 4:11. இடைவெளி எட்டு மில்லிமீட்டர்.

சுவரில் விழுந்த மஞ்சள் வெளிச்சத்திலேயே வாட்சைப் பார்த்து, பாக்கெட் டைரியில் எழுதினார். எழுதிவிட்டு நிமிர்ந்தார். ஏதோ உறுத்தியது. மறுபடி அளந்தார்.

4:15. பன்னிரண்டு.

செத்த நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். புள்ளிகள் நகர்வது கண்ணுக்குத் தெரியவில்லை. ஸ்கேலுக்குத்தான் தெரிந்தது.

4:19. பத்தொன்பது.

அப்போதுதான் புரிந்தது. புள்ளி விலகினால், துணி சுவரைவிட்டு விலகுகிறது என்று அர்த்தம். நடுவில் ஏதோ ஒரு துணி இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத துணி. அது சுவரிலிருந்து கிளம்பி, மேசையைப் பார்த்து மெதுவாகப் போய்க்கொண்டிருக்கிறது.

மேசைக்குப் பக்கத்தில்தான் சுவிட்ச்.

மேசைக்குப் பக்கத்தில்தான் ஷட்டர்.

"ராக்கப்பா..." என்று கூப்பிட்டார். குரல் வந்த மாதிரிதான் இருந்தது. "ஏலே, ராக்கப்பா..."

பதில் இல்லை. பஞ்சு இறங்குகிற சத்தம்கூடக் கேட்கும்போல ஒரு அமைதி.

பயம் வரவில்லை என்பார் அவர். பயந்திருந்தால் ஓடியிருப்பேன் என்பார். உடம்பு மரத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் பல் பிடுங்க ஊசி போட்ட மாதிரி, உள்ளங்கால்வரை. தலை மட்டும் கணக்குப் போட்டது. இஞ்சுக்குத் தொண்ணூறு நூல். காஸ் இல்லை. ரொம்ப நெருக்கமான, ரொம்ப மெல்லிய மல் துணி.

அந்த ரகத்தை அவர் ஒரே ஓர் இடத்தில்தான் பார்த்திருக்கிறார். சவப்பெட்டியை மூடுவதற்கு முன்னால், முகத்துக்கு மேல் போடுவார்கள்.

சிரிப்பாக எதையாவது நினைக்கப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை.

நடந்துதான் ஆகவேண்டும். இடது கையைக் கோட்டுக்குள் நீட்டியபடி நடந்தார். உள்ளங்கையில் மஞ்சள் சிலுவை விழுந்தது. சூடு இல்லை. துணியிடம் நெருங்கினால் புள்ளிகளும் நெருங்கும். அதுதான் அவருக்கு இருந்த ஒரே வழிகாட்டி.

பத்து அடி. புள்ளிகள் நெருங்கின.

இருபது அடி. இன்னும் நெருங்கின.

முப்பது...

வாசனை எதுவும் இல்லை. சத்தம் இல்லை. மூச்சுச் சத்தம் ஒன்று. அது அவருடையதுதான். அப்படித்தான் நினைத்தார்.

நாற்பது அடி.

புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டின.

உள்ளங்கையில் இப்போது ஒரே புள்ளி.

நின்றார்.

பின்வாங்கியிருக்கலாம். சுற்றிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் பதினெட்டு வருசம்... வலது கை தானாக எழுந்தது.

கட்டைவிரல். ஆள்காட்டிவிரல்.

தேய்த்தது.

துணி இருந்தது.

ஈரம். குளிர்ச்சி.

கை அதைத் தூக்கியது.

இடது கண்ணுக்கு நேரே.

'பார்க்கமாட்டேன்' என்று சொல்லியிருந்தார்...

பார்த்தார்.

மணி 4:27.

*

நாலரைக்கு ராக்கப்பன் ஷட்டரைத் தூக்கினான். குடோன் நடுவில் தேவஇரக்கம் நின்றுகொண்டிருந்தார். வலது கை இடது கண்ணுக்கு முன்னால். இரண்டு விரலும் எதையோ பிடித்த மாதிரி. விரலுக்கு நடுவில் ஒன்றுமில்லை.

"என்னத்த அண்ணாச்சி செக் பண்ணுதிய?"

"கூப்பிட்டேனே ராக்கப்பா. காதுல விழலயா?"

"நான் இங்கனதான் ஷட்டருல சாஞ்சு உட்கார்ந்திருந்தேன். ஒரு சத்தமும் வரலயே."

மேசையில் மஞ்சள் லைட் இல்லை. சுற்றின பிளாஸ்டர் மட்டும் சுற்றியபடியே இருந்தது. உள்ளே வெறும் ஓட்டை. பிரிக்கவே இல்லை.

எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போட்டார். அருள்செல்வி வீட்டுக்குக் கீழே தையல் கடையில் போன் உண்டு. அவள் ஓடிவந்து எடுத்தாள்.

"அண்ணே, போயிருச்சு! டீ போட மணி பார்த்தேன், நாலு இருபத்தேழு. பட்டுன்னு போயிருச்சு. சுத்தமாத் தெரியுது." சொல்லும்போதே அழுதாள். சந்தோஷ அழுகை என்றுதான் அவர் நினைத்தார்.

"அப்புறம் என்ன? பீஸை டாக்டருக்குக் குடுக்காத, எனக்குக் குடு" என்றார்.

போனை வைத்துவிட்டு வெளியே வந்தார். தென்காசி ரோட்டில் வெயில் அப்படியே இருந்தது. வலது கண்ணை மூடிப் பார்த்தார். பஸ், சைக்கிள், டீக்கடை, டீக்கடைக்காரர்... எல்லாவற்றுக்கும் மேல் மெல்லிசாக ஒரு துணி. நூல் நூலாகத் தெரிந்தது. எண்ணலாம் போல இருந்தது.

எண்ணினார். தொண்ணூறு.

மதுரை டாக்டர் இரண்டு தடவை பார்த்தார். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். தேவஇரக்கம் தங்கையிடம் வாய் திறக்கவில்லை. தெரிந்தால் அவள் தாங்கமாட்டாள். வேலைக்குப் போனார். கண்ணுக்கு என்ன என்று கேட்டவர்களிடம், "ஒரு கண்ணை மேனேஜ்மெண்ட் நிரந்தரமா செக்கிங்ல போட்டுருச்சு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

மறு வருசம் கிறிஸ்துமஸுக்கு அருள்செல்வி வந்திருந்தாள். சாப்பிட்டு முடித்துக் கை கழுவினார்கள். துடைக்கிறதுக்குத் துண்டைக் கொடுத்தவள், அதை விடாமல் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"அண்ணே, உங்க கண்ணு எப்படி இருக்கு?"

"எனக்கென்ன?"

"மறைக்காதீய. எனக்குத் தெரியும்." துண்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நான் அன்னைக்குப் புள்ளின்னு சொன்னேன்ல... அது புள்ளி இல்லண்ணே. ஆளு. சொன்னா பைத்தியம்னு வேற ஆஸ்பத்திரிக்கு அனுப்பிருவாகளோன்னு சொல்லல."

தேவஇரக்கத்தின் விரல்கள் துண்டின் ஓரத்தைத் தேய்த்தன.

"தூரத்துல நின்னுச்சு. தலையோட மெல்லிசா ஒரு துணி மூடி. முதுகு மட்டுந்தான் தெரியும். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கிட்ட வரும். முதுகைக் காட்டிக்கிட்டே வரும். அந்த ஞாயித்துக்கிழமை நாலு இருபத்தேழுக்கு அது திரும்புச்சு. துணிக்குள்ள முகம் தெரிஞ்சுது."

"யாரு?"

"நீங்கதான்."

குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் அதை மூடினார். முகத்தைச் சிரித்த மாதிரி வைத்துக்கொண்டு கேட்டார்.

"சிரிச்சிக்கிட்டா இருந்தேன்?"

"இல்லண்ணே" என்றாள் அருள்செல்வி. "அதான் மொதல்ல எனக்கு அடையாளம் தெரியல."