அத்தைக்கு நான் எழுதிக்கொடுத்த பேச்சு

அத்தை நகராட்சிக் கவுன்சிலரானபோது நான் ஏழாம் வகுப்பில் இருந்தேன். அப்பாவின் தங்கை அவள். நெய்வேலியிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்திலிருந்த ஒரு கடற்கரை நகரத்தில் இட்லிக்கடை வைத்திருந்தாள். அவளுடைய வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கியதும், தெருவே கூடி அவளை நிற்க வைத்தது, ஜெயிக்கவும் வைத்தது. நிலக்கரிக் கம்பெனியே நடத்தும் எங்கள் நெய்வேலி நகரியத்தில் கவுன்சிலர் என்று யாரும் கிடையாது. குழாய் கெட்டுப்போனால் அப்பா ஆபீஸில் எழுதிப் போடுவார். ஆள் வந்து சரிசெய்துவிட்டுப் போவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்தாள். முதல் கூட்டத்தில் பேச வேண்டும். ஐந்தாவதோடு படிப்பை விட்டவள். வார்டில் யாரிடமாவது எழுதி வாங்கினால் கவுன்சிலருக்கு எழுதத் தெரியாது என்று பேச்சாகிவிடும். கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கிய மருமகள் நான் இருந்தேன்.

“எங்க தெருவுல பைப்பு ஒடஞ்சி ரெண்டு மாசமா சாக்கடத் தண்ணிதான் வருது. பொம்பளைங்க கொடத்தத் தூக்கிகினு எங்கெங்கியோ அலையறாங்க. இத நல்லா எழுதிக் குடு கண்ணு. மூணு நிமிசந்தான் பேச வுடுவாங்களாம்.”

சாக்கடையில் ஆரம்பிக்கிற பேச்சு எனக்குக் கேவலமாகப் பட்டது. பரிசு வாங்கிய கட்டுரையே அந்த நகரத்தின் வரலாறுதான். டச்சுக்காரர்கள் வந்தது, இங்கிலீஷ்காரர்கள் வந்தது, துறைமுகம், நகராட்சி பிறந்த கதை என்று முத்துமுத்தாக நான்கு பக்கம் எழுதினேன். பைப்பு நான்காம் பக்கத்தின் அடியில் இரண்டு வரியாக நின்றது.

அத்தை எழுத்துக் கூட்டிக் கொஞ்சம் படித்தாள்.

“தண்ணி விசயம் எங்க?”

“கடைசில வரும் அத்தை. மொதல்ல இப்படித்தான் ஆரம்பிக்கணும்.”

“படிச்ச புள்ள, நீ சொன்னா சரி.”

கூட்டத்தன்று அம்மாவையும் என்னையும் வரச்சொல்லி, பார்வையாளர் பெஞ்சில் உட்கார வைத்தாள். அவள் முறை வந்தது. எழுந்தாள். தாளைப் பிரித்துப் படித்தாள். ‘ஐரோப்பிய வணிகர்கள்’ என்ற இடத்தில் நாக்கு சிக்கி, மறுபடி ஆரம்பித்தாள். மறுபடி சிக்கியது.

“ஏம்மா, சரித்திர டீச்சர் வேலைக்கா வந்திருக்கீங்க?” என்று ஓர் உறுப்பினர் கேட்டார். மன்றமே சிரித்தது. அத்தை அவசரமாகப் பக்கங்களைத் தள்ளிப் பைப்பைத் தேடினாள். தாள்கள் கைநழுவிக் கீழே விழுந்தன.

“நேரம் முடிஞ்சிடுச்சிம்மா, உக்காருங்க” என்றார் தலைவர். அடுத்த வார்டைக் கூப்பிட்டுவிட்டார்கள். தாள்களைப் பொறுக்கிக்கொண்டு நிமிர்ந்தவள் எங்கள் பக்கம் பார்த்தாள். நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் பாவனை செய்தேன்.

வெளியே அவள் தெருப் பெண்கள் நாலைந்து பேர் காத்திருந்தார்கள்.

“சொல்லிட்டியாக்கா? எப்ப வராங்களாம்?”

“இல்லடி. நான்தான் தடுமாறிட்டேன். அடுத்த மாசக் கூட்டத்துல கேட்டுடறேன்.”

“இன்னும் ஒரு மாசமா?” என்றாள் ஒருத்தி. அவளுக்குப் பின்னாலிருந்தவள் அடக்கிக்கொள்ளவில்லை. “படிக்கத் தெரியாததுக்கு ஓட்டப் போட்டுட்டு நாமதான் சாவறோம்.”

அத்தையின் கை என் தோள்மேல் இருந்தது. ‘நான்தான் எழுதினேன்’ என்று சொல்ல வாயெடுத்தேன். யாராவது என்னைப் பார்த்துச் சிரிப்பார்களோ என்று நினைத்ததும் வாய் மூடிக்கொண்டது. அத்தை எனக்கு வேர்க்கடலை வாங்கிக் கொடுத்து, “எழுத்து அழகா இருந்திச்சி கண்ணு” என்று சொல்லி எங்களைப் பஸ் ஏற்றிவிட்டாள்.

அடுத்த மாதம் அவள் தாளே இல்லாமல் எழுந்து நின்று, தெருவில் பேசுகிற மாதிரியே பேசினாளாம். அதன்பிறகுதான் பைப்பு மாற்றினார்கள். என்னிடம் அவள் மறுபடி எதையும் எழுதித்தரக் கேட்கவில்லை. அப்பாவிடமும் என்னைப் பற்றிக் குறையாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. ‘தப்பு தன்னுடையது என்றே அத்தை நம்பிவிட்டாள், நாம் தப்பித்தோம்’ என்றுதான் முதல் கூட்டத்தன்று திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டே நினைத்தேன்.