மாலைக்குள் வந்த முகம்

உயிரோடிருக்கும் ஒருவரின் முகம் மாலையிட்ட படமாக அச்சாகிவிட்டால், அதன்பின் அவருக்கு நேர்வதற்கெல்லாம் வரைந்தவர் பொறுப்பா? அப்பாவின் வாழ்க்கையை எழுத உட்கார்ந்தபோது, அவர் பிறந்த ஊருக்கு முன்பாக இந்தக் கேள்விதான் வந்து நின்றது.

அப்பா இலங்கை மலையகத்தில், றொசல்லைக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தின் லயத்தில், தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், பிறந்தார். தந்தையை இழந்து, சிறு வயதிலேயே தேயிலை மலைக்கு வேலைக்குப் போனார். ஓய்வு நேரத்தில் பலகைத் துண்டுகளில் கரியால் வரைவார். அவற்றைக் கண்ட ஹற்றன் அச்சகத்தார் தமது மாத இதழின் கதைகளுக்குப் படம் வரைய அழைத்தார்கள். நாளடைவில் அதுவே அவருடைய தொழிலாயிற்று. எங்கள் மக்களின் களைப்பும் சிரிப்பும் அவர் கையால் அச்சேறின.

நான் உயர்தர வகுப்பில் படித்த காலத்தில், கணவனை இழந்த பெண்ணைப் பற்றிய கதைக்கு வரைந்தார். லயத்து அறையான காம்பராவின் சுவரில் மாலையிட்ட கணவனின் படம். அந்த முகத்தைக் கை போன போக்கில் வரைந்துவிட்டார். இதழ் வந்ததும் தோட்டமே அடையாளம் கண்டது: தோட்ட வேலைகளை மேற்பார்வை செய்த அதிகாரி கண்டாக்கையாவின் முகம்!

"மாமா, எம் மூஞ்சிய வரஞ்சிப்புடாதீங்க. நான் இன்னும் கல்யாணமே கட்டல" என்று பக்கத்துக் காம்பரா இளைஞர் அப்பாவைக் கேலி செய்தார்.

சில நாட்களில் கண்டாக்கையா நெஞ்சுவலியால் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். கேலி நின்றது. அவர் மனைவி எங்கள் வாசலுக்கு வந்தார்.

"அவரு ஒரு வாய் சோறு திங்க மாட்டேங்கிறாரு. 'எனக்கு நாள் குறிச்சுட்டான்'னு படுத்துக் கெடக்காரு. ஏதாச்சும் ஆச்சுன்னா எம் புள்ளைங்க ஒங்கள சும்மா விடமாட்டாங்க."

அவர் இறந்தால் பழி அப்பாவின் மேல். அதன்பின் அந்தத் தோட்டத்தில் நாங்கள் வாழ முடியாது. அம்மா வீடு வீடாகப் போய் இதழைத் திருப்பிக் கேட்டார். அச்சில் ஏறியதை யாரால் திரும்ப அழைக்க முடியும்? அப்பா என்னையும் அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

"எத்தன மூஞ்சி இருக்கு, என்னோடதுதான் கெடச்சிச்சா ஒனக்கு?" என்றார் கண்டாக்கையா.

"தெரியாம வந்துருச்சுங்க ஐயா. மலையில வேல செஞ்ச காலத்துல, தெனமும் காலையில பேர் குடுக்கப் பெரட்டுல வரிசையா நிக்கையில ஒங்க மூஞ்சியத்தான் பாப்பேன். இன்னைக்கு வைவாரா, வேல இல்லன்னு திருப்பி அனுப்புவாரான்னு பயந்து பயந்து பாத்தேன். எங்கப்பா மூஞ்சிகூட எனக்கு அப்புடி ஞாபகமில்ல."

கண்டாக்கையா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"அவ்வளவு பயமாடா?"

"இப்பவும் ஒங்க செருப்புச் சத்தம் கேட்டா எந்திரிச்சு நின்னுருவேங்க."

கண்டாக்கையா மனைவியின் பக்கம் திரும்பி, கஞ்சி கேட்டார். இரண்டு வாய் குடித்தபின், "இன்னொருக்கா வரஞ்சா தலையில கொஞ்சம் முடியக் கூட்டிப் போடு. மாலைய மட்டும் போட்டுறாத" என்றார்.

அவர் குணமாகி வீடு திரும்பும்வரை, லயத்தில் யார் ஓடிவந்தாலும் அப்பா பதறி எழுந்து நிற்பார்.

நுரையீரல் நோயால் நலிந்திருந்த அப்பா, கடந்த மாதம் மஸ்கெலியாவில் என் வீட்டில் காலமானார். முன்னதாக அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல மழையில் தூக்கிக்கொண்டு பிரதான வீதிவரை நடந்த அயலவர்கள், அங்கே பணிவிடை செய்த தாதியர், அவருடைய படங்களைத் தேடித் தந்த அச்சகத்தார், துக்கத்தில் உடனிருந்த உற்றார் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டுள்ளது.

கண்டாக்கையா பிழைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு வந்த எந்த இதழிலும், உரியவரிடம் கேட்காமல் அப்பா ஒரு முகத்தைக்கூட வரையவில்லை.