தாரை வார்த்த வருடப்பிறப்பு

நாங்கள் குடியேறிய இந்தக் குளிர் நாட்டில், மல்வேர்னில் எங்கள் கட்டிடத்தின் கீழ்த்தட்டில் ஒரு கூடம் இருக்கிறது. புதன்கிழமைகளில் வயது போன பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் அங்கே கூடுவோம். தேநீர், பிஸ்கட், கதை. போன சித்திரை வருடப்பிறப்புக்கு முதல் நாள், வெளியே பனி கரைந்தும் கரையாமலும் கிடந்தபோது, பேச்சு எப்படியோ நான் சின்ன வயதில் இருந்த இடத்துக்குப் போய்விட்டது. சயாமில் ஒரு பிள்ளைகள் இல்லத்தில் பதினாறு மாதம் இருந்தேன் என்று சொன்னேன். டோர்செட் பார்க்கிலிருந்து பஸ் எடுத்து வருகிற ஒரு அம்மா கன்னத்தில் கையை வைத்தார்.

"ஐயோ பாவம். அநாதை மடத்திலயே வளந்தனீங்கள்?"

"மடம் இல்லை, வீடு. பாவமும் இல்லை," என்றேன். "உங்கட வீட்டில எத்தினை பேருக்கு உலை வைச்சவை? நான் இருபத்திநாலு பிள்ளையளோட ஒரு பானைச் சோறு திண்டனான்."

மற்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். முழுக் கதையையும் கேட்க அவருக்கு நேரமில்லை, பஸ் வந்துவிட்டது. ஆகவே இங்கே எழுதி வைக்கிறேன்.

அப்பா மலாயாவில் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸராக இருந்தார். ஊர் யாழ்ப்பாணம் என்றாலும் நான் பிறந்தது அங்கேதான். தம்பியைப் பெற்ற கையோடு அம்மா கண்ணை மூடிவிட்டார். யப்பான்காரன் வந்து, சயாமில் ரயில் பாதை போடவென்று தோட்டத்துச் சனங்களை அள்ளிக்கொண்டு போனபோது, மருந்து கட்ட ஒரு ஆள் வேண்டும் என்று அப்பாவையும் ஏற்றினான். எங்களை ஒப்படைத்துவிட்டு வர அப்பாவுக்கு அந்தத் தோட்டத்தில் ஒருவரும் இல்லை. சாமான் ஏற்றுகிற ரயில் பெட்டியில் அப்பாவின் மருந்துப் பெட்டிக்கு மேல் தம்பி இருந்தான், பக்கத்தில் நான். பிறகு காடு, மழை, மூங்கில் கொட்டில்கள். அந்தப் பாதையைப் பற்றி எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

முகாமில் வாந்திபேதி தொடங்கிய கிழமை அப்பா எங்களை ஒரு வள்ளத்தில் ஏற்றி, ஆற்றின் மறுகரையில் ஒரு கிராமத்துக்குக் கொண்டுபோனார். அங்கே உயரமான மரத்தூண்களின் மேல் ஒரு பெரிய வீடு நின்றது. பெற்றார் இல்லாத பிள்ளைகளை வைத்து வளர்க்கிற வீடு. முன்பு ஒருமுறை அந்தப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தபோது அப்பா கொயினா மருந்து கொடுத்திருந்தார், அந்தப் பழக்கம்.

"மூண்டு மாசத்தில வந்து கூட்டிக்கொண்டு போவன். தம்பியை விட்டிடாதை," என்றார்.

எனக்கு ஒன்பது வயது. தம்பிக்கு இரண்டு முடிந்திருந்தது. எனக்கு ஒரு உத்தியோகம் கிடைத்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அதை நான் குறைவில்லாமல் செய்தேன், யாரும் குறை சொல்ல முடியாது.

வீட்டை நடத்தியவர் ஒரு சயாம் பெண்மணி. கலியாணம் செய்யாதவர், முன்பு பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர். பிள்ளைகள் எல்லோரும் அவரை 'மே' என்று கூப்பிடுவோம். அந்தப் பாஷையில் அம்மா என்று அர்த்தம். அவர் பேசியது சயாம் பாஷைதான், ஆனால் இத்தனை வருடத்துக்குப் பிறகு என் காதில் அது எங்கள் தமிழாகத்தான் கேட்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

காலையில் இருட்டு விலகுமுன் எழும்பி முற்றம் கூட்ட வேண்டும். பிக்குமார் வள்ளத்தில் ஆற்றோடு வருவார்கள். நாங்கள் படித்துறையில் முழங்கால் குத்தி இருந்து, ஆளுக்கு ஒரு அகப்பை சோறு அவர்களுடைய பாத்திரத்தில் இடுவோம். எங்களுக்கே அரைவயிறுதான், ஆனாலும் முதல் அகப்பை அவர்களுக்கு. பிறகு ஆற்றில் குளிப்பு, மரத்தளத்தில் வரிசையாக இருந்து சோறும் புளியிலைக் குழம்பும், மீன் அகப்பட்ட நாளில் மீன். அதே தளத்தில்தான் படிப்பு. எனக்குப் பள்ளிக்கூடம் என்று சொல்ல அந்த மரத்தளம் ஒன்றுதான் உண்டு. பின்னேரம் புத்தர் சிலைக்கு முன்னால் எல்லோரும் அவர்களுடைய மந்திரத்தைச் சொல்ல, நான் அப்பா பழக்கிய தேவாரத்தை வாய்க்குள் சொல்லுவேன். ராகம் இடித்தாலும் கடவுள்மார் சண்டை பிடித்ததாகத் தெரியவில்லை.

பழக்கவழக்கத்தில் நான் பிழை விட்டதும் உண்டு. வந்த புதிதில், தம்பியின் சோற்றில் கை வைத்த ஒருவனின் தலையில் நான் ஒரு குட்டு வைத்தேன். வீடே அடங்கிப்போயிற்று. அங்கே ஒருவர் தலையை மற்றவர் தொடக்கூடாதாம். மே என்னைக் கூப்பிட்டு, "தலையை விடு. வேணுமெண்டால் முதுகில போடு," என்றார். அன்றிலிருந்து முதுகில்தான் போட்டேன்.

மூன்று மாதம் போனது. ஆறு மாதம் போனது. அப்பா வரவில்லை, கடிதமும் இல்லை.

அந்த நாட்களில் கிராமத்து நெல் மில்காரரின் மனைவி அடிக்கடி வள்ளத்தில் வருவார். வீட்டுக்கு அரிசி கொடுப்பது அவர்கள்தான். நாங்கள் எங்களுக்குள் அவரை மில்காரி என்போம். பிள்ளையில்லாதவர். வாழைக்குலையை எல்லோருக்கும் பகிர்ந்துவிட்டு, கடைசியில் என் தம்பியைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வார். தம்பிக்கு ரோசம் என்பது கிடையாது. யார் மடியிலும் ஏறுவான். அவருடைய வளையலைக் கடிப்பான், தோளில் நித்திரையாவான். நான் கொஞ்சம் தள்ளி இருந்து முறைத்துக்கொண்டிருப்பேன்.

சித்திரை பிறக்க ஒரு கிழமை இருக்கும்போது, சமையலுக்கு உதவி செய்கிற, எங்களில் பெரியவள் ஒருத்தி கறிக்கு இலை ஆய்ந்தபடி என்னிடம் சொன்னாள்.

"மில்காரி உன்ர தம்பியைக் கேட்டவ."

"ஏன்?"

"வளர்க்க. மே சொன்னவ, வருசப்பிறப்புக்கு வாங்கோ, பாப்பம் எண்டு."

"அப்பா வருவார்," என்றேன்.

"ஓம், ஓம். பத்து மாசமா வாறார்," என்றாள் அவள்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் அழவும் இல்லை. அழுதால் உத்தியோகம் போய்விடும்.

அவர்களுடைய வருடப்பிறப்பும் எங்களுடையதும் ஏறக்குறைய ஒரே நாளில் வரும். அங்கே சொங்க்ரான் என்பார்கள். எங்களிடமிருந்து எடுத்ததுதான் என்று நான் எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தேன், ஒருவரும் மறுக்கவில்லை. அதற்கு இரண்டு நாள் முன்பு மே எங்களை வரிசையில் நிறுத்திப் பழக்கினார். ஊர்ப் பெரியவர்கள் வந்து பாயில் இருப்பார்கள், இரண்டு கையையும் சேர்த்து முன்னால் நீட்டுவார்கள். பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போய் மல்லிகைப்பூ மிதக்கிற தண்ணீரை அந்தக் கைகளில் ஊற்ற வேண்டும். மே தன் கைகளை நீட்டிக் காட்டினார். பெரியவள் கிண்ணத்தைச் சரித்தாள். தண்ணீர் விழுந்தது.

நான் அதை முன்பே பார்த்திருக்கிறேன்.

அம்மா இருந்த காலத்தில் அப்பாவின் தங்கைக்கு, என் மாமிக்கு, சிரம்பானில் கலியாணம் நடந்தது. அப்பா மாமியின் கையைப் பிடித்து மாப்பிள்ளையின் கையில் வைத்தார், அம்மா செம்பைச் சரித்தார், தண்ணீர் விழுந்தது. என்ன செய்கிறார்கள் என்று கேட்டேன். தாரை வார்க்கிறார்கள், இனி மாமி அவர்களுடைய ஆள் என்றார்கள். அன்று பின்னேரமே மாமி அழுதுகொண்டு ரயில் ஏறினார். அதன்பிறகு நான் அவரைக் காணவில்லை. ஆகவே எனக்குச் சட்டம் தெரியும். தண்ணீர் விழுந்தால் கொடுத்தது கொடுத்ததுதான், அப்பாவே வந்து கேட்டாலும் திருப்பி வாங்க ஏலாது.

மற்றப் பிள்ளைகள் ஊற்றலாம், அவர்களை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டது என் தம்பியை, கேட்டவர் மில்காரி. அவர் கையில் தம்பி ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் எல்லாம் முடிந்தது. தம்பிக்கோ தண்ணீர் என்றால் பைத்தியம்.

வருடப்பிறப்பு அன்று விடியவே கொண்டாட்டம் தொடங்கிவிட்டது. கோயில் முற்றத்துக்கு ஆற்று மணல் சுமந்தோம். எல்லோர் முகத்திலும் வெள்ளைச் சுண்ணமாவைக் குழைத்துப் பூசினார்கள். மூங்கிலுக்குள் வைத்துச் சுட்ட தேங்காய்ப்பால் சோறு ஆளுக்கு ஒரு துண்டு. தண்ணீர் எறிந்து எறிந்து எல்லோரும் நனைந்த கோழிகள் மாதிரி நின்றோம். நான் மட்டும் தம்பியை இடுப்பிலிருந்து இறக்கவில்லை.

மத்தியானம் பெரியவர்கள் வந்து மேல்தளத்தில் வரிசையாக இருந்தார்கள். எட்டுக் கிழவிகள். அவர்களுக்குப் பிறகு, கடைசியில் மில்காரி. பக்கத்தில் ஒரு துணிப் பொட்டலம்.

என் முறை வந்தது. ஒரு கையில் தம்பி, மறு கையில் பித்தளைக் கிண்ணம். அவன் என் கையோடு சேர்த்துக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு ஊற்றினான். பாதி அவர்களுடைய கையில், பாதி மடியில். கிழவிகள் நல்ல வார்த்தை சொல்லிச் சிரித்தார்கள். எட்டாவது ஆளுக்கு ஊற்றியதும் நான் திரும்பி நடந்தேன். தம்பி கால்களை உதைத்துக் குழறத் தொடங்கினான். மில்காரி கைகளை நீட்டியபடியே இருந்தார்.

"பிள்ளை, இன்னும் ஒராள் இருக்கிறா," என்றார் மே.

"தெரியும்."

"ஊத்து."

"மாட்டன்."

"ஏன்?"

"ஊத்தினா அவ தம்பியைக் கொண்டு போயிடுவா. எங்கட ஆக்கள் தண்ணி ஊத்தித்தான் ஆளைக் குடுக்கிறது. நான் குடுக்க மாட்டன். அப்பா விட்டிடாதை எண்டவர்."

கிழவிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "அப்படியெண்டால் எனக்கு இண்டைக்கு இருபத்திநாலு பிள்ளையள்," என்றார் ஒருத்தி. "கெதியாச் சோத்தைப் போடுங்கோ, வீட்டை கூட்டிக்கொண்டு போகவேணும்." தளம் முழுவதும் சிரிப்பு. நான் சிரிக்கவில்லை. மில்காரியும் சிரிக்கவில்லை. அவர் மேயைப் பார்த்தார். மே தலை குனிந்துகொண்டார்.

மில்காரி என்னைக் கிட்டக் கூப்பிட்டார்.

"உங்கட ஆக்களில ஆர் தண்ணி ஊத்திறது?"

"குடுக்கிற ஆக்கள்."

"கையை நீட்டிறது?"

"வாங்கிற ஆள்."

"வாங்கினால் பிறகு ஆரும் வந்து கேக்க ஏலாதோ?"

"ஏலாது. ஒருக்காலும் ஏலாது."

"அப்ப நீ கையை நீட்டு," என்றார்.

என் கையிலிருந்த கிண்ணத்தை அவர் வாங்கினார். கிழவிகளின் சிரிப்பு நின்றுபோயிற்று. அங்கே அன்றைக்குச் சின்னவர்கள்தான் பெரியவர்களுக்கு ஊற்றுவது. ஒரு பெரியவர் சின்னப் பிள்ளைக்கு ஊற்றியதை அவர்கள் பார்த்திருக்கமாட்டார்கள். இதில் ஏதும் ஏமாற்று இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தேன். இல்லை என்று தெரிந்தது. தம்பியை இறக்கிவிட்டுக் கைகளை நீட்டினேன். அவர் என் தம்பியின் கையைப் பிடித்து என் கைகளுக்குள் வைத்துவிட்டு, மெதுவாக, கிண்ணம் பாதியாகும் மட்டும் ஊற்றினார். குளிர்ந்த தண்ணீர். இரண்டு மல்லிகைப்பூ எங்கள் விரல்களில் ஒட்டிக்கொண்டன.

"உன்ர தம்பியை உனக்குத் தந்தாச்சு," என்றார்.

தம்பி மிச்சத் தண்ணீரைப் பறித்துத் தன் தலையிலேயே கவிழ்த்துக்கொண்டான். அப்போதுதான் மில்காரி சிரித்தார். சேலைத் தலைப்பு மாதிரித் தோளில் கிடந்த துணியால் அவனுடைய முகத்தைத் துடைத்துவிட்டு, சாப்பாட்டுக்கு நில்லாமல் வள்ளம் ஏறினார்.

நான் அன்று பொழுதுபடும் வரைக்கும் கையைத் துடைக்கவில்லை. "மகாராணி போறா, வழி விடுங்கோ," என்று பெரியவள் பழித்தாள். பழித்தால் பழிக்கட்டும். ஒரு ஊர்ப் பெரிய மனுசியை நான் சட்டம் பேசி வென்றிருக்கிறேன்.

மறுநாள் காலையில் மே அந்தப் பொட்டலத்தை என்னிடம் கொடுத்தார். மில்காரி விட்டுவிட்டுப் போனது. உள்ளே நாலு சட்டை. யுத்தத்தில் துணி கிடைக்காத காலம், எங்களில் பாதிப்பேர் சாக்குத் துணி உடுத்தி நின்றோம். இதுவோ பாவிக்காத நீலப் பருத்தித் துணி. தான் உடுக்காமல் வைத்திருந்த உடுப்பு ஒன்றை வெட்டித்தான் தைத்திருக்க வேண்டும். சிப்பிப் பொத்தான். தம்பிக்குப் போட்டுப் பார்த்தேன். ஒன்று அளவாக இருந்தது. அடுத்தது முழங்காலுக்கு வந்தது. மூன்றாவதைப் போட்டதும் கையைக் காணோம். நாலாவதற்குள் ஆளையே காணோம்.

"மில்காரிக்குத் தைக்கவே தெரியாது," என்று மேயிடம் சொல்லிச் சிரித்தேன். "ஒரு பிள்ளைக்கு நாலு அளவில தைச்சு வைச்சிருக்கிறா."

மே பெரிய சட்டைகள் மூன்றையும் மடித்து என் பெட்டியின் அடியில் வைத்தார்.

மழைக்காலம் முடிய அப்பா வந்தார். ஒரு காலை இழுத்து இழுத்து நடந்துதான் வந்தார், ஆனால் வந்தார். யுத்தம் முடிந்திருந்தது. இரண்டாவது சட்டையைத் தம்பி மலாயாவில் போட்டான். மூன்றாவதை யாழ்ப்பாணம் போகிற கப்பலில் போட்டான். நாலாவது, அவனைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போன முதல் நாள், தைத்துப் பிடித்ததுபோல அளவாக இருந்தது. சிப்பிப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டிவிட்டு, கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தேன். பிழையாகத் தைத்த சட்டையென்று எறிந்துவிடாமல் இத்தனை காலம் வைத்திருந்தேனே என்று, என்னுடைய கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.