மனோகர் பேசிய அப்பா

மனோகர் இறந்த செய்தி எங்கள் பேச்சு மன்றத்தின் வாட்ஸ்அப் குழுவில்தான் எனக்கு வந்தது. போர்ட் பிளேரின் சாத்தம் ஜெட்டியில், எதிர்க்கரை பாம்பூஃப்ளாட்டுக்குப் போகும் ஃபெர்ரிக்காக நின்றுகொண்டிருந்தேன். தூக்கத்திலேயே மாரடைப்பாம். ஐம்பதுகூட ஆகவில்லை. செய்திக்குக் கீழே யாரோ எழுதியிருந்தார்கள்: 'தன் அன்புத் தந்தையிடம் போய்ச் சேர்ந்துவிட்டார்.' அதற்கு வரிசையாகக் கும்பிடும் கைகள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாகவே வந்தன. மனோகரின் தந்தை மாயாபந்தரில் மகள் வீட்டில் நன்றாக இருக்கிறார். இறந்துபோனது என் தந்தை. அந்தக் கும்பிடு போட்ட உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

மனோகரும் நானும் பாம்பூஃப்ளாட்டில் பக்கத்துப் பக்கத்து அலுவலகம். லம்பா லைனிலிருந்து ஸ்கூட்டரில் வந்து அதே ஃபெர்ரியில் ஏறுவார். மன்றத்தில் சேர்ந்த புதிதில் என் பெயரைச் சொல்லவே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் கடலைக் கடக்கும் நேரத்தைப் பயிற்சி நேரமாக்கினார். கயிற்றை அவிழ்த்ததும் கண்ணில் படுகிற எதையாவது காட்டுவார், அதுதான் தலைப்பு. முதல் நாள் லைஃப் ஜாக்கெட். நான் திருதிருவென்று விழிக்க, கூடையோடு நின்ற பெங்காலிக் காய்கறிக்காரர் சிரித்துவிட்டார். மனோகர் விடவில்லை. "அரே, அவரும் ஆடியன்ஸ்தான். யோசிக்காதீங்க செல்வி, வாயைத் திறங்க. விஷயம் பின்னாலயே வரும்." வந்தது. இன்று நாலு பேர் முன்னால் நான் வாயைத் திறக்கிறேன் என்றால் அது அவர் செய்தது. அதை இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும்.

ஒரு காலை ஃபெர்ரியில் ஆம்புலன்ஸ் ஒன்று ஏறியது. "டாக்டர்" என்றார் மனோகர், தலைப்பாக. நான் அப்பாவைச் சொன்னேன். இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்து கச்சால் தீவில் ரப்பர் வெட்டியவர். அவருக்குத் தெரிந்த இந்தி 'அச்சா' ஒன்றுதான். வயிற்று வலியென்று போர்ட் பிளேர் ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்தேன். நான் சீட்டுப் பதிய வரிசையில் நின்ற நேரத்தில் டாக்டர் இந்தியில் கேள்வி கேட்டிருக்கிறார். பெரிய மனிதர் கேட்கிறாரே என்று அப்பா எல்லாவற்றுக்கும் அச்சா, அச்சா என்றிருக்கிறார். ஒன்றுமில்லை, ஊருக்குப் போகலாம் என்றுவிட்டார்கள். ஊர் திரும்பும் கப்பலிலேயே அப்பா போய்விட்டார். நான் பேசப் பழக வந்ததே அதனால்தான். கேட்டு முடித்த மனோகர் கரை வந்தும் ஸ்கூட்டரைக் கிளப்பவில்லை. இதை மேடையில் சொல்லுங்கள் என்றார். அழாமல் சொல்ல வருகிற அன்று சொல்கிறேன் என்றேன்.

அந்த வருடத் திடீர்ப் பேச்சுப் போட்டி உங்களுக்கு நினைவிருக்கும். அன்று நேரம் பார்க்கும் வேலை எனக்கு. பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டைகளோடு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மனோகருக்கு வந்த சீட்டில் 'மரியாதை' என்றிருந்தது. மைக்கைப் பிடித்து, என்னைப் பார்க்காமல் தொடங்கினார்: "எங்க அப்பாவுக்குத் தெரிஞ்ச இந்தி ஒரே ஒரு வார்த்தைதான்."

அவர் அப்பா அரசு அலுவலகத்தில் பாதி ஆயுள் இந்தியிலேயே குப்பை கொட்டியவர். அது எனக்கு மட்டும்தான் தெரியும். என் அப்பா, என் வரிசை, என் கப்பல், எல்லாம் அவர் வாயிலிருந்து வந்துகொண்டிருந்தன. போதாதென்று அவர் பங்குக்கு ஒன்று சேர்த்தார். டாக்டர் முன்னாலிருந்து எழுந்தபோது, தான் உட்கார்ந்த ஸ்டூலை அப்பா தன் தோள் துண்டால் துடைத்துவிட்டு வந்தாராம். அந்த இடத்தில் நீங்கள் எல்லோரும் அழுதீர்கள். நான் பச்சையைக் காட்டினேன், மஞ்சளைக் காட்டினேன். நேரம் முடிந்ததென்று சிவப்பைக் காட்டும் முன்னாலேயே அழகாக முடித்துக் கோப்பையை வாங்கிக்கொண்டார்.

மறுநாள் ஃபெர்ரியில் அவரே வந்தார். முகத்தில் வெட்கம் இருந்தது, மன்னிப்புக் கேட்கவில்லை. "அந்த நேரத்துல கைக்கு எது கிடைக்குதோ அதத்தானே எடுப்போம்? கோவமா செல்வி?" நறுக்கென்று நாலு கேட்டிருக்க வேண்டும். அத்தனை நாள் பழகிய பேச்சு எங்கே போய்த் தொலைந்ததோ, என் வாயில் வந்தது "அச்சா." அதை அவர் சரியென்று எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகும் சேர்ந்துதான் போனோம், சிரித்துத்தான் பேசினோம். ஆனால் அவர் காட்டிய எந்தத் தலைப்புக்கும் வீட்டு விஷயம் எதையும் நான் சொன்னதில்லை.

இரங்கல் கூட்டத்துக்கு அவர் அப்பா மாயாபந்தரிலிருந்து வந்திருந்தார். உறவுக்காரப் பெரியவர் யாரோ என்று நினைத்திருப்பீர்கள். என் பக்கத்து நாற்காலியில் இருந்தார். தலைவர் எழுந்து, மனோகரின் உன்னதமான பேச்சு என்று அந்த ஸ்டூலையும் துண்டையும் ஒன்று விடாமல் சொன்னார். பெரியவர் குழம்பிப்போய் என் பக்கம் குனிந்தார். "யாரோட அப்பாவம்மா சொல்றாங்க?"

"எங்க அப்பாங்க ஐயா" என்றேன். நடந்ததை மெதுவாகச் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "சின்னதிலேர்ந்து மேடைன்னா உசிரு அவனுக்கு. நான் அவனுக்கு ஒரு குறையும் வைக்கலயேம்மா. சொல்றதுக்கு அவன்கிட்ட என்ன இருந்திருக்கும்?" என்றார். அடுத்து என்னைப் பேச அழைத்தார்கள். நான் எழுந்தபோது என் கையைப் பிடித்தார். "சொல்லும்மா. உன்னோடது. இன்னைக்கு மட்டும் வேணாம்." போய், அவர் நல்லவர், எனக்குப் பேசக் கற்றுத் தந்தவர் என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

அந்த 'இன்றைக்கு' முடிந்துவிட்டது. பெரியவரிடம் போனில் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன். மனோகர், உங்களுக்காக அழுதேன், அது நிஜம். நீங்கள் செய்தது துரோகம், அதுவும் நிஜம். கோப்பை உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். அப்பாவை நான் திருப்பி எடுத்துக்கொள்கிறேன்.

ஆனால் முழுதாக எடுக்க முடியவில்லை. என் அப்பா தோளில் துண்டு போட்டதே கிடையாது. சட்டைக் காலருக்குள் கைக்குட்டையைச் செருகியிருப்பார். லேஞ்சி என்பார் அதை. இப்போது கண்ணை மூடினால் லேஞ்சி வருவதில்லை. அப்பா எழுந்திருக்கிறார், தோளிலிருந்து துண்டை எடுக்கிறார், ஸ்டூலைத் துடைக்கிறார். மனோகர் எனக்கு விட்டுப்போனது அந்தத் துண்டுதான்.